வியாழக்கிழமை நோட்டீஸ்: ஒரு செகண்ட் மேட்டின் விமர்சனம்

செல்போனுக்கும் செருப்புக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். பதினோரு வருடமாக வாரம் தவறாமல் நான் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெளியீட்டைப் பற்றி மட்டும் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன். பெயர் அட்மிரால்டி நோட்டீஸ் டு மரைனர்ஸ். பிரிட்டனின் நீர்வரைவியல் அலுவலகம் டான்டன் நகரத்திலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியிடுவது. கப்பலில் சார்ட்டுகளுக்கு, அதாவது கடல் வரைபடங்களுக்கு, பொறுப்பு செகண்ட் மேட் என்ற துணை அதிகாரி. நான் செகண்ட் மேட். ஆகவே வியாழக்கிழமை வந்தால் இது என் தலையில்தான் விழும்.

கடலோடு சம்பந்தமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. கடல் சார்ட் அச்சான அன்றைக்கே பழசாக ஆரம்பித்துவிடும். ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு நகரும். அதன் பின்னாலேயே மிதவையையும் நகர்த்தி வைப்பார்கள். கலங்கரை விளக்கத்தில் பழைய விளக்கை எடுத்துவிட்டு எல்இடி பொருத்துவார்கள். வெளிச்சம் தெரியும் தூரம் மாறிவிடும். எங்கேயோ ஒரு கப்பல் மூழ்கும். எங்கேயோ காற்றாலைக்காகக் கடலுக்குள் தூண் இறக்குவார்கள். இது ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் போகிற எல்லாக் கப்பலின் சார்ட்டிலும் ஏறியாக வேண்டும். சார்ட்டும் கடற்பயணப் புத்தகங்களும் புதுப்பித்த நிலையில் இருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், 27ஆம் விதி. அதற்கான சாமான்தான் இந்த நோட்டீஸ்.

உள்ளே எட்டுப் பகுதிகள். முதல் பகுதியில் விளக்கக் குறிப்பும் புது வெளியீடுகளின் பட்டியலும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் உங்கள் சார்ட்டுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது, கையில் இருப்பது செல்லாது என்ற செய்தி அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டாம் பகுதிதான் உயிர்: சார்ட் திருத்தங்கள். அப்புறம் வானொலி எச்சரிக்கைகள், கரையோர வழிகாட்டிப் புத்தகங்கள், விளக்குப் பட்டியல், வானொலிப் பட்டியல் என்று வரிசையாகப் போகும். கடைசியில் எச்.102 என்று ஒரு படிவம் இருக்கும். அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

இரண்டாம் பகுதியின் மொழி எனக்குப் பிடிக்கும். சேர், திருத்து, நீக்கு, நகர்த்து, மாற்றி வை. இந்த நாலைந்து வினைச்சொல்லை வைத்துக்கொண்டு உலகத்துக் கடலையே செப்பனிடுகிறார்கள். "திருத்து, விளக்கு தெரியும் தூரம், 15 மைல்" என்று ஒரு வரி, பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, முடிந்தது. முன்பு 18 மைலாக இருந்ததை ஏன் குறைத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கதையெல்லாம் கிடையாது. அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் எழுத்தில் இவ்வளவு சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் ஒரு சதுர அடைப்புக்குறி. ஒவ்வொரு திருத்தத்திலும் சார்ட் எண்ணுக்குப் பக்கத்தில், அந்தச் சார்ட்டுக்கு இதற்கு முன் வந்த கடைசித் திருத்தத்தின் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். சார்ட்டின் இடது கீழ் மூலையில், எல்லைக் கோட்டுக்கு வெளியே, நாம் கைப்பட எழுதிய எண்கள் வரிசையாக இருக்கும். அங்கே கடைசியாக உள்ள எண்ணும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் நடுவில் எதையோ விட்டுவிட்டோம். பேனாவை மூடிவிட்டுத் தேட வேண்டியதுதான். நாலு இலக்கமும் ஒரு வருடமும் சேர்ந்த அந்தக் குறி, என்னோடு வேலை செய்த எந்த மேற்பார்வையாளரையும் விடக் கறாரானது.

நான் தொடங்கியது காகிதக் காலத்தில். முதல் கப்பலில் ஆயிரத்து எண்ணூறு சார்ட்டுக்கு மேல் இருந்தன. நோட்டீஸ் துறைமுகத்துக்குத் துறைமுகம் மூட்டையாக வரும், ஐந்தாறு வாரம் ஒன்றாக. கூடவே ட்ரேசிங் தாள்கள். அந்த வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் இனிமேல் அதைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டேதான் போவார்கள்.

ட்ரேசிங் என்பது எண்ணெய்த்தாள் போன்ற ஒரு மெல்லிய தாள். அதில் சார்ட்டின் ஒரு துண்டு அப்படியே நகலாக இருக்கும்: கொஞ்சம் கரைக்கோடு, ஒரு அட்சரேகைக் கோடு, இரண்டு ஆழ எண். அதைச் சார்ட்டின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திக் கோட்டோடு கோடு பொருந்த வைக்க வேண்டும். கப்பல் ஆடும்போது அது ஒரு தனிக் கலை. இடது உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பொருந்தியதும் டிவைடர் முனையால் புதுப் புள்ளியில் ஒரு குத்து. தாளை எடுத்தால் சார்ட்டில் ஊசித்துளை அளவு தடம் தெரியும். அந்தத் தடத்தின் மேல் 0.25 மில்லிமீட்டர் பேனாவால், மேஜெண்டா மையில், மிதவையின் சின்னத்தை வரைய வேண்டும். பழைய மிதவையை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசவே கூடாது. ஒரே கோடு, குறுக்கே. அடியில் என்ன இருந்தது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். இடம் நெருக்கமாக இருந்தால் பக்கத்தில் காலியான இடத்தில் எழுதி அம்புக்குறி போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் இடது மூலையில் எண். முதலில் எண்ணை எழுதிவிட்டு அப்புறம் திருத்தம் போடலாம் என்று நினைக்கிறவனைக் கேப்டன் பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல்தளத்து அறையில், வைத்துக்கொள்ள மாட்டார். நடுவில் காப்பிக்கு யாராவது கூப்பிட்டால் போதும், திருத்தம் போகாத சார்ட்டில் எண் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

திருத்தம் பெரிதாக இருந்தால் பிளாக் என்று ஒரு வண்ணத் துண்டு அச்சடித்து அனுப்புவார்கள், வெட்டி ஒட்ட வேண்டும். பசையைத் துண்டில் தடவினால் தாள் ஈரத்தில் நீண்டு, ஓரக் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். ஆகவே பசையைச் சார்ட்டில்தான் தடவ வேண்டும். முதல் தடவை நான் துண்டில் தடவினேன். கரைக்கோடு படிக்கட்டு மாதிரி நின்றது.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். சில விளக்குகள் ஒவ்வொரு திசைக்கு ஒவ்வொரு நிறத்தைக் காட்டும். வெள்ளை தெரிந்தால் வழி சரி, சிவப்பு தெரிந்தால் பாறைப் பக்கம் என்பது மாதிரி. நோட்டீஸில் அந்த வெட்டுக்கோணங்கள் கடலிலிருந்து விளக்கைப் பார்க்கும் கோணங்களாகக் கொடுக்கப்படும். நான் விளக்கிலிருந்து வெளியே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே தலைகீழாக வரைந்து, அழகாக மேஜெண்டா மையில் முடித்தும் விட்டேன். கேப்டன் தமிழ்க்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, வெள்ளை வெளிச்சம் மலை மேல ஏறி நிக்குதே. நாம கப்பல்ல போறமா, மலை ஏறப் போறமா?"

"மாத்திடறேன் சார்."

"மாத்தறதுக்கு முன்னாடி ஏன் தப்பாச்சுன்னு சொல்லிட்டு மாத்து."

இன்றைக்கு வரைக்கும் அந்தக் கோண விதி எனக்கு மறக்கவில்லை. புத்தகத்தில் படித்தபோது மறந்துபோன விதிதான் அது.

இனி குறைகள். முதல் குறை வெளிவரும் இடைவெளியிலேயே இருக்கிறது: வாரம். கடலில் ஒரு வாரம் என்பது ரொம்ப நீளம். 1971 ஜனவரி 11 அன்று இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள டோவர் நீரிணையில் டெக்சாகோ கரீபியன் என்ற டேங்கரும் பராகாஸ் என்ற சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. டேங்கர் மூழ்கியது. அடுத்த நாளே பிராண்டன்பர்க் என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் மோதி மூழ்கியது. பிப்ரவரி 27 அன்று நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் அதே இடத்தில் மோதி மூழ்கி, அதிலிருந்த அத்தனை பேரும் இறந்துபோனார்கள். அதற்குள் அந்த இடத்தில் அடையாள மிதவைகளும் காவல் கப்பலும் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒரு இடத்தில் கற்ற அடையாளம் இன்னொரு இடத்தில் வேறு அர்த்தம் கொடுக்கும். அந்த விபத்துகள் கொடுத்த உதையில்தான் மிதவை முறைகளை ஒன்றாக்கும் வேலை வேகம் பிடித்து, 1980இல் ஐயாலா என்ற சர்வதேசக் கலங்கரை விளக்க அமைப்பின் இப்போதைய மிதவை முறை, ஏ, பி என்ற இரண்டே பிராந்தியங்களோடு, முடிவானது.

எல்லாம் சரியாகிவிட்டதா? 2002 டிசம்பர் 14 அன்று அதே நீரிணையின் பக்கம் ட்ரைகலர் என்ற கார் கப்பல், ஏறத்தாழ 2,900 புதுக் கார்களோடு, கரிபா என்ற கப்பல் மோதி மூழ்கியது. இரண்டு நாளில் நிகோலா என்ற கப்பல் அந்தச் சிதைவில் ஏறி நின்றது. 2003 ஜனவரி 1 அன்று விக்கி என்ற டேங்கர், எரிபொருள் ஏற்றிக்கொண்டு, மறுபடி அதே சிதைவின் மேல். வானொலியில் எச்சரிக்கை போய்க்கொண்டுதான் இருந்தது. காவல் கப்பல்களும் மிதவைகளும் இருந்தன. இதற்குப் பிறகுதான் அவசரச் சிதைவு மிதவை என்று புது வகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீலமும் மஞ்சளும் நெடுக்குப் பட்டையாக இருக்கும். இரவில் ஒரு விநாடி நீலம், அரை விநாடி இருட்டு, ஒரு விநாடி மஞ்சள், மறுபடி அரை விநாடி இருட்டு. வேறெந்த மிதவையோடும் குழப்பிக்கொள்ள முடியாது. நான் அதை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. கடலில் நீல வெளிச்சம் பார்த்துப் பழக்கமில்லாததால், ஏதோ போலீஸ் படகு என்று என்னோடு நின்ற ஹெல்ம்ஸ்மேன், சுக்கான் பிடிப்பவர், நினைத்தார்.

வியாழக்கிழமை வரை காத்திருக்க முடியாத செய்திக்கு நேவ்டெக்ஸ் உண்டு, வானொலியில் வரும் எச்சரிக்கையைத் தாளில் அச்சடித்துத் தரும் முறை. 518 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு நிலையமும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேசும். தூரக் கடலுக்குச் செயற்கைக்கோள் வழியாக நேவேரியா எச்சரிக்கை வரும். உலகக் கடலை 21 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சேவைக்கு என் மதிப்பீடு: செய்தி வேகம், காகிதம் விரயம். வேண்டாத வகைகளை அணைத்து வைக்கலாம், ஆனால் கடற்பயண எச்சரிக்கை, வானிலை எச்சரிக்கை, மீட்புச் செய்தி இவற்றை அணைக்கவே முடியாது. அது நல்ல வடிவமைப்பு. அணைக்க விட்டிருந்தால் தூக்கக் கலக்கத்தில் நானே அணைத்திருப்பேன்.

இரண்டாவது குறை, டி, பி நோட்டீஸ்கள். டி தற்காலிகம், பி முன்னறிவிப்பு. காகிதச் சார்ட்டில் இவற்றைப் பென்சிலில்தான் போட வேண்டும், ரத்தானால் அழித்துவிடலாம். கேட்க எளிது. ரத்து அறிவிப்பு வந்த வாரம் நான் வேறு கடலில் இருப்பேன், அந்தச் சார்ட் பீரோவில் இருக்கும். ஒரு தடவை, எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்ட ஒரு ஆராய்ச்சி மிதவை என் பென்சிலில் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. இல்லாத மிதவையைச் சுற்றி இரண்டு மைல் விலகிப் போனோம். நஷ்டம் கொஞ்சம் எண்ணெய்தான். நேர்மாறாக நடந்திருந்தால் இந்த விமர்சனத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நேர்மாறாக நடந்ததற்கு ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா என்ற கன்டெய்னர் கப்பல் 2011 மே மாதம் சீனாவின் ஷியாமென் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது, மிதவை போட்ட வழியை விட்டு விலகிப் போய்த் தரை தட்டியது. தட்டிய இடத்தில் சார்ட் நல்ல ஆழம் காட்டியது. ஆனால் ஐந்து மாதத்துக்கு முன்பே, 2010 டிசம்பரில், ஒரு பி நோட்டீஸ் வந்திருந்தது: ஷியாமென் துறைமுகத்திலும் அதை நெருங்கும் வழியிலும் சார்ட்டில் காட்டியதைவிடக் குறைந்த ஆழம் பல இடங்களில் இருக்கிறது என்று. அந்த எச்சரிக்கை பயணத் திட்டத்திலும் இல்லை, வேலைக்கு எடுத்த சார்ட்டிலும் குறிக்கப்படவில்லை. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 நவம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. பயணத் திட்டம் குறைபாடானது, அதனாலேயே அந்தக் கப்பல் கிளம்பும்போது கடலுக்குப் போகத் தகுதியான நிலையில் இல்லை என்றது நீதிமன்றம். எஞ்சின் ஓடியது, இரும்பு உறுதியாக இருந்தது; சார்ட்டில் ஒரு பென்சில் குறிப்பு இல்லாததால் கப்பலே தகுதியற்றதாகிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயணத் திட்டம் போடுவது செகண்ட் மேட்.

அப்புறம் டிஜிட்டல். கப்பல்களில் எக்டிஸ் என்ற மின்னணுச் சார்ட் முறை 2012 முதல் 2018 வரை படிப்படியாகக் கட்டாயமானது. இப்போது என் கப்பலில் காகிதம் கிட்டத்தட்ட இல்லை. வாரத் திருத்தம் ஒரு கோப்பாக வரும், பென் டிரைவில் ஏற்றிச் செருகினால் பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கான செல்கள் திருந்திவிடும். செல் என்றால் மின்னணுச் சார்ட்டின் ஒரு துண்டு. முன்பு மூன்று நாள் முதுகு ஒடியச் செய்த வேலை இது. கை நடுங்கி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகாது, கோணம் தலைகீழாகாது, பசையில் தாள் நீளாது. துல்லியத்தில் பழசுக்கும் புதுசுக்கும் ஒப்பீடே இல்லை. காகிதம்தான் உசத்தி என்று புலம்பும் பெரியவர்களோடு நான் சேரவில்லை. அவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் ஒரு ட்ரேசிங் கூடக் குத்தியதில்லை, செகண்ட் மேட்டைத்தான் குத்த வைத்தார்கள்.

என் சதுர அடைப்புக்குறியும் இங்கே வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் திருத்தங்கள் 001, 002 என்று வரிசை எண் போட்டு வரும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அடுத்ததை ஏற்க மறுத்து, எஸ்எஸ்இ 23 என்று பிழை காட்டும். முந்தைய திருத்தம் காணோம் என்று அர்த்தம். பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது, முதல் தடவை.

இரண்டாம் தடவை அப்படி இல்லை. திருத்தக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சப்ளையர் ஒரு வாரத்தின் கோப்பைத் தவறவிட்டுவிட்டு அடுத்த வாரத்தை அனுப்பிவிட்டார். நாங்கள் போகவேண்டிய துறைமுகத்தின் வாசல் செல்கள் மொத்தமும் எஸ்எஸ்இ 23. மெயில் போட்டேன். "எங்கள் பக்கம் அனுப்பியதாகக் காட்டுகிறது" என்று பதில் வந்தது. அவர்கள் பக்கம் காட்டுவதை வைத்து நான் கப்பலை உள்ளே கொண்டுபோக முடியாது என்று எழுதினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்கப்புறம் யாரும் மெயிலைத் திறக்கவில்லை. நோட்டீஸின் இரண்டாம் பகுதியைத் திரையில் வைத்துக்கொண்டு, அந்த வாசலுக்கான மூன்று மிதவைத் திருத்தங்களையும் எக்டிஸில் கையாலேயே சேர்த்தேன். கையால் சேர்த்தவை ஆரஞ்சு நிறத்தில் தனியாகத் தெரியும். கோப்பு திங்கட்கிழமை மதியம் வந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையே நங்கூரம் போட்டாயிற்று. நோட்டீஸுக்கு இதில் பங்கில்லை, அது நேரத்துக்கு வந்துவிட்டது. நடுவில் நிற்கிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

டி, பி நோட்டீஸ்களுக்கு டிஜிட்டலில் ஒரு மேல்தாள் கொடுக்கிறார்கள், அட்மிரால்டி இன்ஃபர்மேஷன் ஓவர்லே. அதை ஆன் செய்தால் சார்ட்டின் மேல் சிவப்புக் கோடு போட்ட பெட்டிகள் வரும். தொட்டால் நோட்டீஸின் வாசகம் திறக்கும். ரத்தானால் தானாகப் போய்விடும். என் பென்சில் மிதவை பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆனால் நெரிசலான கடலில் திரை முழுக்கச் சிவப்புப் பெட்டியாகிவிடும், ராடார் எதிரொலியைத் தேட வேண்டியிருக்கும். அதனால் வாட்ச்சில், அதாவது பிரிட்ஜ் காவல் முறையில், நிற்பவர்கள் அதை ஆஃப் செய்துவிடுகிறார்கள். ஆஃப் செய்தவர் ஆன் செய்ய மறந்துவிடுகிறார். சில நாடுகள் தங்கள் தற்காலிகத் திருத்தங்களை மின்னணுச் சார்ட்டிலேயே சேர்த்துவிடுகின்றன, சில நாடுகள் சேர்ப்பதில்லை. இந்தச் சமயத்தில் எது எது எதில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்வது நம் பொறுப்பாகிவிடுகிறது. இதற்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன்.

இன்னொன்று, இது யார் குறை என்று சொல்வது கடினம். காகிதத்தில் ஒரு மிதவையை நகர்த்தும்போது அது என் கண் வழியாக, விரல் வழியாகப் போனது. அந்தத் துறைமுகத்துக்கு ஆறு மாதம் கழித்துப் போனாலும், இங்கே பச்சை மிதவை தெற்கே தள்ளிப் போனதே என்று தோன்றும். இப்போது திரையில் "214 செல்கள் திருத்தப்பட்டன, பிழை இல்லை" என்று வருகிறது. எதில் என்ன மாறியது? தெரியாது. சார்ட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மாறியதை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டும் வசதி எக்டிஸில் இருக்கிறது. நான் வேலை செய்த கப்பல்களில் அதைத் தொட்ட ஆளைப் பார்த்ததில்லை, முதல் இரண்டு வருடம் என்னையும் சேர்த்து.

இப்போது நான் செய்வது இது: பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால், அந்த வாரத்தின் இரண்டாம் பகுதியை எடுத்து, நாங்கள் போகிற வழியில் உள்ள சார்ட் எண்களை மட்டும் தேடிப் படிக்கிறேன். பொதுவாக ஏழு, எட்டு நோட்டீஸ் தேறும். ஒரு கேடட்டை, பயிற்சியில் இருக்கும் பையனை, பக்கத்தில் உட்காரவைத்து, செருகுவதற்கு முன்பும் பின்பும் அந்த இடத்தைத் திரையில் பார்க்கச் சொல்கிறேன். இருபது நிமிடம். கேடட்டுகளுக்கு இது விளையாட்டு மாதிரி, இரண்டு படங்களுக்கு ஆறு வித்தியாசம்.

நட்சத்திரம் போடச் சொன்னால், உள்ளடக்கத்துக்கு ஐந்து, டிஜிட்டல் திருத்தத்துக்கு நாலரை, ஓவர்லேக்கு மூன்று, சப்ளையருக்கு நான் மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை. பிடிஎஃப் வடிவத்தில் வாராந்திர நோட்டீஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கப்பலில் வேலை இல்லாதவர்கள் கூட ஒரு வாரத்தை இறக்கிப் புரட்டிப் பார்க்கலாம். காகிதச் சார்ட் தயாரிப்பை 2026 வாக்கில் முடித்துக்கொள்ளப் போவதாக 2022இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் குறைந்தது 2030 வரை தொடர்வோம் என்றார்கள். எஸ்-100 என்ற அடுத்த தலைமுறைச் சார்ட் முறை வந்துகொண்டிருக்கிறது. 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் அந்த முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதில் வானொலி எச்சரிக்கையும் நேராகச் சார்ட்டின் மேலேயே வந்து உட்காரும் என்கிறார்கள். உட்காரட்டும், அந்தச் சிவப்புப் பெட்டிகளைக் கொஞ்சம் சின்னதாக்கினால் சந்தோஷம்.

கடைசியாக எச்.102. சார்ட்டில் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒத்துப்போகவில்லையென்றால் கப்பல்காரர்கள் நிரப்பி அனுப்பும் படிவம். நோட்டீஸ் என்பது மேலிருந்து கீழே வரும் உத்தரவு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நம் பக்கமிருந்து போகிற கடிதமும் அதில் உண்டு.

இரண்டு வருடம் முன்பு ஒரு துறைமுகத்துக்குள் போகும்போது, கரையில் இருக்கவேண்டிய ஒரு பெரிய புகைபோக்கியைத் தேடினேன். தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும் அடையாளம் என்று சார்ட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை வைத்துக் கோணம் எடுக்கலாம் என்று திட்டத்திலும் எழுதியிருந்தேன். பைனாகுலரில் பார்த்தால் காணோம். நான்தான் தப்பான இடத்தில் பார்க்கிறேன் என்று நினைத்தேன். துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறி வந்த பைலட்டிடம் கேட்டேன். போன வருடமே இடித்துவிட்டார்களே என்றார், ஏதோ பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு இரவே படிவத்தை நிரப்பினேன்: சார்ட் எண், கடைசியாக ஏற்றிய திருத்தத்தின் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நாங்கள் இருந்த இடம், இல்லாத புகைபோக்கியின் திசையில் எடுத்த புகைப்படம். ஒன்றுமில்லாத வானத்தைப் புகைப்படம் எடுத்து அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சில நாளில் நன்றி சொல்லி ஒரு மெயில் வந்தது.

மறந்தே போயிருந்தேன். சில மாதம் கழித்து, வியாழக்கிழமை நோட்டீஸைப் புரட்டும்போது அந்தச் சார்ட் எண். நீக்கு, புகைபோக்கி. ஒரே வரி, அட்சரேகை, தீர்க்கரேகை. மேஜெண்டா பேனா இருந்திருந்தால் கோட்டை நானே கிழித்திருப்பேன். பென் டிரைவைச் செருகினேன், செல் திருந்தியது, அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். பெருமை தாங்கவில்லை. கேடட்டைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இங்க வந்து பாரு. இது நான் பண்ண கரெக்‌ஷன்."

அவன் திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு, மேலும் கீழும் தேடிவிட்டு நிமிர்ந்தான்.

"எங்க சார்? இங்க ஒண்ணுமே இல்லையே."